நூறு ஷேர் ஒரு லட்சம் ஷேர் ஆன கதை

பங்குச்சந்தை பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு கணக்கை யாராவது சொல்லாமல் விடுவதில்லை. "1993இல் இன்போசிஸ் ஷேர் நூறு வாங்கிப் போட்டிருந்தால் இன்றைக்குக் கோடீஸ்வரன்!" கேட்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கணக்கு பொய் இல்லை. 1993 பிப்ரவரியில் இன்போசிஸ் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. ஒரு பங்கு 95 ரூபாய். நூறு பங்குக்கு 9,500 ரூபாய். அந்த நூறு பங்கை விற்காமல் வைத்திருந்தவரிடம் 2018 செப்டம்பரில் 1,02,400 பங்குகள் இருந்தன. இடையில் அவர் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் போடவில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். நூறு எப்படி ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று கேட்டால் "போனஸ் கொடுத்தார்கள், ஷேரைப் பிரித்தார்கள்" என்று பதில் வரும். அதனால் போனஸும் பிரிப்பும்தான் அவரைப் பணக்காரர் ஆக்கின என்ற எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது. அந்த எண்ணத்தோடு சந்தைக்குள் நுழைபவர், எந்த நிறுவனம் பங்கைப் பிரிக்கப் போகிறது என்று தேடித் தேடி வாங்குகிறார். பலர் கையைச் சுட்டுக்கொள்வதும் அப்படித்தான். ஆகவே இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சில்லறை மாற்றுவதும் பங்கு பிரிப்பதும்

நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கடையில் கொடுத்து இரண்டு ஐம்பது ரூபாயாக மாற்றினால் கையில் இருக்கும் பணம் கூடுமா? கூடாது. பங்குப் பிரிப்பும் அதேதான்.

ஒவ்வொரு பங்குக்கும் முகமதிப்பு என்று ஒன்று உண்டு. இது சந்தை விலை அல்ல. நிறுவனத்தின் ஏடுகளில் எழுதப்பட்டிருக்கும் மதிப்பு. 10 ரூபாய் முகமதிப்புள்ள ஒரு பங்கை 5 ரூபாய் முகமதிப்புள்ள இரண்டு பங்குகளாக மாற்றுவதுதான் பிரிப்பு. சந்தையில் அந்தப் பங்கு 1,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தால், பிரித்த அன்று இரண்டும் ஆளுக்கு 500 ரூபாய் அளவில் வர்த்தகம் ஆகும். ஒரு பங்குக்கான லாபம் பாதியாகும். ஒரு பங்குக்கான டிவிடெண்டும் அதே விகிதத்தில் குறையும். நிறுவனத்தில் அவருக்கு இருந்த உரிமை ஆயிரத்தில் ஒன்று என்றால், பிரித்த பிறகும் ஆயிரத்தில் ஒன்றுதான்.

போனஸ் பங்கு வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. நிறுவனம் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த லாபம் 'காப்பு நிதி' என்ற தலைப்பில் இருக்கும். அதிலிருந்து ஒரு பகுதியை 'பங்கு மூலதனம்' என்ற தலைப்புக்கு மாற்றிவிட்டு, அந்தத் தொகைக்குப் புதிய பங்குகளை இருக்கிற பங்குதாரர்களுக்கே இலவசமாகக் கொடுப்பார்கள். முகமதிப்பு மாறாது. ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் நூறு பங்கு இருநூறு ஆகும், விலை பாதியாகும். நிறுவனத்தின் கல்லாவிலிருந்து ஒரு காசும் வெளியே போகவில்லை. சட்டைப்பையில் இருந்ததை வேட்டி மடிப்புக்கு மாற்றியது போலத்தான்.

அப்படியானால் ஏன் சில நிறுவனங்கள் போனஸ் கொடுக்கின்றன, சில பிரிக்கின்றன? இந்தியாவில் இதற்குச் சட்ட வரலாறே பதில் சொல்கிறது.

1999க்கு முன்னால்

சுதந்திரம் வந்த 1947ஆம் ஆண்டிலேயே மூலதன வெளியீடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. ஒரு நிறுவனம் பங்கு வெளியிட வேண்டுமானால், என்ன விலைக்கு வெளியிடலாம் என்பது உட்பட, டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். போனஸ் கொடுக்கவும் அந்த வாசலில்தான் நிற்க வேண்டும். 1992இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, செபிக்குச் சட்டப்படி அதிகாரம் கிடைத்தது. 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 85 ரூபாய் பிரீமியம் வைத்து 95 ரூபாய்க்கு விற்க இன்போசிஸால் முடிந்ததும் இதனால்தான்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு மிச்சம் இருந்தது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய் அல்லது 100 ரூபாய் என்றுதான் இருக்க வேண்டும். 10 ரூபாய்ப் பங்கை 5 ரூபாய் ஆக்க வழி இல்லை. 1999 ஜூனில் செபி இந்த வழக்கத்தைக் கைவிட்டது. நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி முகமதிப்பு வைத்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய்க்குக் கீழே மட்டும் போகக்கூடாது என்று அறிவித்தது. அதன் பிறகுதான் நம் ஊர்ப் பத்திரிகைகளில் 'பங்குப் பிரிப்பு' என்ற சொல் அடிக்கடி தென்பட ஆரம்பித்தது. அதற்கு முன்பு விலை ஏறிப்போன பங்கைச் சின்னதாக்க வேண்டும் என்றால் போனஸ்தான் ஒரே வழி.

இன்போசிஸின் ஏணிப்படிகள்

1981இல் நாராயண மூர்த்தி உள்ளிட்ட ஏழு பொறியாளர்கள் 10,000 ரூபாய் முதலில் ஆரம்பித்த நிறுவனம் இது. 1993இல் பங்கு விற்க வந்தபோது யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பதே உண்மை. மென்பொருள் என்றால் என்னவென்று பலருக்கும் தெரியாத காலம். வெளியீடு முழுதாக விற்கவில்லை. மோர்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்கை அதே 95 ரூபாய்க்கு வாங்கிக் கை கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் சந்தையில் பட்டியலிட்டபோது 145 ரூபாய்க்கு வர்த்தகம் தொடங்கியது.

அதன் பிறகு நடந்தது இது. நூறு பங்கு வைத்திருந்தவரின் கணக்கில்:

1994 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 200 பங்கு
1997 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 400
1999 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 800
2000 – 10 ரூபாய் முகமதிப்பு 5 ரூபாயாகப் பிரிப்பு – 1,600
2004 – ஒன்றுக்கு மூன்று போனஸ் – 6,400
2006 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 12,800
2014 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 25,600
2015 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 51,200
2018 – ஒன்றுக்கு ஒன்று போனஸ் – 1,02,400

கவனித்தால் ஒன்று புரியும். ஒன்பது படிகளில் பிரிப்பு என்பது ஒன்றே ஒன்று, அதுவும் செபி அனுமதித்த சில மாதங்களில். மற்ற எட்டும் போனஸ். மொத்தத்தில் ஒரு பங்கு 1,024 பங்கானது.

2018 போனஸுக்குப் பிறகு ஒரு பங்கின் விலை 700 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. ஆக, 9,500 ரூபாய் 7 கோடி ரூபாயைத் தாண்டியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 42 சதவீதக் கூட்டு வளர்ச்சி. இடையில் கிடைத்த டிவிடெண்ட் தனி.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டால்

இன்போசிஸ் ஒரு முறைகூடப் போனஸ் கொடுக்கவில்லை, ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018இல் அவரிடம் அதே நூறு பங்குதான் இருந்திருக்கும். ஆனால் ஒரு பங்கின் விலை 7 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்திருக்கும். மொத்தம்? அதே 7 கோடி!

இன்னொரு பக்கமும் உண்டு. போனஸையும் பிரிப்பையும் மறந்துவிட்டு விலையை மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும்? 1993இல் 95 ரூபாய், 2018இல் 700க்கு மேல். இருபத்தைந்து ஆண்டுகளில் ஏழெட்டு மடங்கு. ஆண்டுக்கு 8 சதவீத அளவு. "இதற்கு வங்கியில் டெபாசிட் போட்டிருக்கலாமே" என்பார். அவர் பார்த்த இரண்டு விலைகளும் உண்மை. முடிவு மட்டும் தப்பு. அதனால்தான் பழைய விலைகளை எல்லாப் பிரிப்புக்கும் சரிசெய்து எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் இன்போசிஸின் 95 ரூபாய் வெறும் 9 காசு ஆகிவிடும்.

ஆக, 1,024 என்ற எண் செல்வத்தை உண்டாக்கவில்லை. பின்னே எது உண்டாக்கியது? நிறுவனத்தின் வியாபாரம். 1999இல் இன்போசிஸின் ஆண்டு வருமானம் 10 கோடி டாலரைத் தாண்டியது. 2004இல் 100 கோடி டாலர். 2018 மார்ச்சில் முடிந்த ஆண்டில் 1,000 கோடி டாலருக்கும் மேல். ரூபாயில் 70,522 கோடி, நிகர லாபம் 16,029 கோடி. இருபது ஆண்டுகளுக்குள் வியாபாரம் நூறு மடங்கு பெருகியது. தோசை பெரிதானது, அதனால் துண்டு போட வேண்டி வந்தது. துண்டு போட்டதால் தோசை பெரிதாகவில்லை.

அப்படியென்றால் பிரிப்பதால் பயனே இல்லையா?

இருக்கிறது. 7 லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு பங்கை மாதச் சம்பளக்காரர் வாங்க முடியுமா? ஒரு பங்கே குறைந்தபட்சம். அதற்குக் கீழே கிடையாது. மகளின் கல்யாணத்துக்கு ஒரு லட்சம் தேவைப்படுகிறது என்றால் முழுப் பங்கையும் விற்க வேண்டும். கொஞ்சமாக விற்க வழியில்லை. விலை 700 ரூபாய் என்றால் வேண்டிய அளவு வாங்கலாம், வேண்டிய அளவு விற்கலாம். வாங்குபவரும் விற்பவரும் அதிகமாக இருந்தால் இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். சிறு முதலீட்டாளருக்கு இது நிஜமான லாபம்.

காகிதப் பங்குகள் இருந்த நாட்களில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. அப்போது 50 அல்லது 100 பங்குகள் கொண்ட கட்டாகத்தான் சந்தையில் விற்க முடியும். பத்துக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு என்று போனஸ் வந்தால் கையில் 30, 40 என்று உதிரிப் பங்குகள் சேரும். அவற்றைத் தள்ளிவிட வேண்டுமானால் புரோக்கர் கேட்கும் குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்து, டிமேட் கணக்கு பரவி, ஒரு பங்குகூட விற்கலாம் என்றான பிறகே அந்தத் தொல்லை ஓய்ந்தது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

பிரிப்பு அறிவித்தால் விலை ஏறுகிறதே, அது ஏன்? இந்தக் கேள்வியை அமெரிக்காவில் நான்கு பேர் எடுத்துக்கொண்டார்கள்: ஃபாமா, ஃபிஷர், ஜென்சன், ரோல். நியூயார்க் பங்குச்சந்தையில் 1927 முதல் 1959 வரை நடந்த 940 பிரிப்புகளைக் கணினியில் போட்டு அலசி, 1969இல் வெளியிட்டார்கள்.

அவர்கள் கண்டது இது. பிரிப்பதற்கு முன்பே அந்தப் பங்குகள் சந்தையைவிட நன்றாக ஏறியிருந்தன. ஏறியதால்தான் பிரித்தார்கள். பிரித்த பிறகு, சராசரியாகப் பார்த்தால், சந்தையைவிடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. பிரித்த நிறுவனங்களில் பெரும்பாலானவை டிவிடெண்டை உயர்த்தின. அவற்றின் விலை நிலைத்தது. உயர்த்தாத நிறுவனங்களின் விலை மீண்டும் இறங்கியது. அதாவது, சந்தை பிரிப்புக்காகக் கைதட்டவில்லை. "இவர்கள் பங்கைப் பிரிக்கிறார்கள் என்றால் வரும் லாபத்தில் நம்பிக்கை இருக்கிறது போலும்" என்று ஊகித்துக் கைதட்டியது. ஊகம் பொய்த்த இடத்தில் கைதட்டலும் நின்றது. இந்த ஃபாமாவுக்குத்தான் 2013இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1975 முதல் 1990 வரை நடந்த, ஒன்றை இரண்டாக்கும் பிரிப்புகளை எடுத்துக்கொண்டு 1996இல் வெளிவந்த மற்றொரு ஆய்வு, பிரித்த முதல் ஆண்டில் அந்தப் பங்குகள் ஒப்பிடத்தக்க மற்றவற்றைவிடச் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கொடுத்ததாகக் கண்டது. ஆனால் அந்த ஆய்வு சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அதேதான்: தங்கள் நிறுவனம் நன்றாகப் போகும் என்று நம்பும் நிர்வாகிகளே பிரிக்கிறார்கள். பிரிப்பு ஒரு சைகை. சைகை காட்டுபவர் நேர்மையானவராக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

அவர் நேர்மையானவராக இல்லாவிட்டால்? அதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது.

அதே மருந்து, வேறு முடிவு

ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ். 1987இல் ராமலிங்க ராஜு தொடங்கியது. இன்போசிஸ் செய்த அதே தொழில். இன்போசிஸ் பிரித்த அதே 2000இல் சத்யமும் தன் 10 ரூபாய்ப் பங்கை 2 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்தது. நூறு பங்கு ஐந்நூறு ஆனது. 2006இல் இன்போசிஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. அதே ஆண்டு சத்யமும் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தது. ஐந்நூறு ஆயிரம் ஆனது.

அந்த ஆண்டு இரண்டு நிறுவனங்களின் பங்குதாரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் இருவர் முகத்திலும் ஒரே மகிழ்ச்சிதான் இருந்திருக்கும்.

2009 ஜனவரி 7. ராமலிங்க ராஜு எழுதிய ஒரு கடிதம் வெளியானது. பல ஆண்டுகளாகக் கணக்கில் லாபத்தை ஊதிக் காட்டியதாகவும், ஏடுகளில் இருக்கும் 5,040 கோடி ரூபாய் ரொக்கம் உண்மையில் இல்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று ஒரே நாளில் பங்கு விலை ஏறத்தாழ 78 சதவீதம் சரிந்து 40 ரூபாய் அளவுக்கு வந்தது. பணி ஓய்வுப் பணத்தை அதில் போட்டவர்களும் உண்டு, ஊழியர்களும் உண்டு. அவர்களிடம் பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது. ஒரு பங்குகூடக் குறையவில்லை. மதிப்புதான் போய்விட்டது.

போனஸ் என்பது காப்பு நிதியை மூலதனமாக மாற்றுவது என்று மேலே சொன்னது நினைவிருக்கும். காப்பு நிதிக் கணக்கிலேயே பொய் கலந்திருந்தால், அந்தப் போனஸ் எதைப் பங்கு போட்டுக் கொடுக்கும்? இல்லாத தோசைக்கு எத்தனை துண்டு போட்டால் என்ன!

அரசு தலையிட்டுப் புதிய நிர்வாகக் குழுவை அமர்த்தியது. 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா பங்கு ஒன்றுக்கு 58 ரூபாய் விலையில் ஏலத்தில் வென்றது. 2013இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தபோது 17 சத்யம் பங்குக்கு 2 டெக் மஹிந்திரா பங்கு என்று கணக்கு. நூறிலிருந்து ஆயிரம் வரை வளர்ந்தவரின் பங்குகள் 117 ஆகச் சுருங்கின. 2015இல் ராஜுவையும் மற்றவர்களையும் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

பிரிக்காமலே வளர்ந்தவர்கள்

இனி இதற்கு நேர் எதிரான ஒரு கதை. சென்னை திருவொற்றியூரில் 1946இல் மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளுக்கான பலூன் செய்ய ஆரம்பித்தார். மெட்ராஸ் ரப்பர் பேக்டரி, சுருக்கமாக எம்.ஆர்.எஃப். பலூனிலிருந்து டயருக்குப் போனது. 1975க்குப் பிறகு இந்த நிறுவனம் போனஸ் கொடுக்கவில்லை. பங்கைப் பிரிக்கவும் இல்லை. மொத்தப் பங்குகளே 42.4 லட்சம்தான். இன்போசிஸிடம் 400 கோடிக்கும் மேல்.

விளைவு? 2023 ஜூன் 13 அன்று எம்.ஆர்.எஃப் பங்கு ஒன்று 1 லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் இந்த உயரத்தைத் தொட்ட முதல் பங்கு என்று எல்லாச் செய்திகளிலும் வந்தது. "அடேயப்பா, எவ்வளவு விலை உயர்ந்த கம்பெனி!" என்று வியந்தவர்கள் பலர். ஆனால் அன்றைக்கு மொத்த நிறுவனத்தின் மதிப்பைப் பார்த்தால், எம்.ஆர்.எஃப் சுமார் 42,000 கோடி. இன்போசிஸ் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு பங்கின் விலையை வைத்து நிறுவனத்தின் அளவைச் சொல்ல முடியாது. துண்டின் அளவு தெரிந்தால் போதாது, எத்தனை துண்டு என்றும் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே இதில் புகழ்பெற்றது. அதன் 'ஏ' வகைப் பங்கு பிரிக்கப்பட்டதே இல்லை. பிரித்தால் விலையை மட்டும் பார்த்து வந்துபோகும் கூட்டம் சேரும், நிறுவனத்தைப் புரிந்துகொண்டு நீண்ட காலம் இருக்கும் பங்குதாரர்களே வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஆனாலும் அவரும் ஒரு கட்டத்தில் இறங்கிவந்தார். பெர்க்ஷயர் பங்கை வாங்கிச் சின்னச் சின்னக் கூறாக்கிக் கட்டணம் வைத்து விற்கச் சிலர் திட்டமிட்டபோது, 1996இல் முப்பதில் ஒரு பங்கு மதிப்புள்ள 'பி' வகையை அவரே வெளியிட்டார். 2010இல் ஒரு ரயில்வே நிறுவனத்தை வாங்கும்போது, அதன் சிறு பங்குதாரர்களும் பணத்துக்குப் பதில் பங்கு பெற வசதியாக அந்த 'பி' பங்கை ஐம்பதாகப் பிரித்தார். பிரிப்பு ஒரு வசதி. அவ்வளவே என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தலைகீழ்ப் பிரிப்பு

சில நிறுவனங்கள் எதிர்த்திசையிலும் போகும். பல பங்குகளைச் சேர்த்து ஒன்றாக்கும். 2008 நெருக்கடியில் நொறுங்கிப்போன சிட்டிகுரூப் 2011 மே மாதம் பத்துப் பங்கை ஒன்றாக்கியது. நாலரை டாலர் அளவில் இருந்த பங்கு 45 டாலர் ஆனது. நெருக்கடிக்கு முன்பு 50 டாலருக்கு மேல் விற்ற பங்கு என்பதை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், "பரவாயில்லையே, கிட்டத்தட்ட மீண்டுவிட்டது" என்று நினைப்பார். ஆனால் அந்தப் பழைய 50 டாலர் புதிய கணக்கில் 500 டாலர்! எண்ணிக்கை மாறும்போது பழைய விலையையும் மாற்றிப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஏமாற வேண்டும்.

பங்குதாரர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, பிரித்த நாளில் விலை பாதியாகத் தெரிந்தால் பதறக்கூடாது. பிரிப்பில் முகமதிப்பு மாறுவதால் பழைய பங்குகள் டிமேட் கணக்கிலிருந்து போய், புதிய பங்குகள் புதிய எண்ணோடு வரும்.

இரண்டாவது, வருமான வரி. இரண்டும் ஒன்றுதான் என்றாலும் இந்திய வரிச் சட்டம் அவற்றை வேறாகப் பார்க்கிறது. பிரிப்பில் பழைய கொள்முதல் விலை புதிய பங்குகளுக்குப் பகிரப்படும். வாங்கிய தேதியும் பழைய தேதியே. போனஸ் பங்குக்கோ கொள்முதல் விலை பூஜ்யம். வைத்திருந்த காலமும் போனஸ் வந்த நாளிலிருந்துதான். விற்கும்போது இது வரியில் தெரியும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். காகிதப் பங்கு வாங்கிப் பெட்டியில் போட்டவர்களின் வீடுகளில், தபாலில் வந்த போனஸ் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் ஏராளம். வீடு மாறியிருப்பார்கள், முகவரி மாற்றத்தைத் தெரிவித்திருக்க மாட்டார்கள். வாங்கியவர் காலமாகியிருப்பார், பிள்ளைகளுக்குத் தெரியாது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் கேட்டு வாங்கப்படாத பங்குகள், 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். உரியவர் ஆதாரங்களோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். தாத்தாவின் பெட்டியில் நூறு பங்குக்கான பழைய சான்றிதழ் ஒன்று கிடைத்தால், அதை நூறு பங்கு என்று நினைத்துவிடக் கூடாது. அது இப்போது எத்தனை என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசியாக

அந்த 1,02,400 பங்குக்காரரிடம் திரும்புவோம். அவர் உண்மையில் செய்தது என்ன? 2000இல் தொழில்நுட்பக் குமிழி உடைந்து பங்கு விலை பாதிக்கும் கீழே போனபோது விற்கவில்லை. (அந்த உச்சத்தில், பிரித்துவிட்டார்களே என்று ஓடிப்போய் வாங்கியவர்கள் போட்ட பணத்தைப் பார்க்க ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.) 2003 ஏப்ரலில் ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் விழுந்தபோதும் விற்கவில்லை. 2013 ஏப்ரலில் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்தபோதும் விற்கவில்லை. அதோடு அவருக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது: அவர் 1993இல் தேர்ந்தெடுத்தது சத்யம் அல்ல. அவரைப் போலவே பொறுமையாக இருந்த சத்யம் பங்குதாரருக்குப் பொறுமை மட்டும் போதவில்லை.

ஆகவே ஒரு நிறுவனம் பங்கைப் பிரிக்கிறது என்ற செய்தி வந்தால் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை பங்கு கிடைக்கும்?" என்பது அல்ல. "இந்த நிறுவனத்தின் லாபம் எங்கிருந்து வருகிறது? காட்டும் கணக்கு உண்மைதானா? பத்து ஆண்டு கழித்தும் இது வளருமா?" என்பவைதான். இவற்றுக்குப் பதில் இருந்தால் பிரித்தாலும் லாபம், பிரிக்காவிட்டாலும் லாபம். பதில் இல்லையென்றால் கையில் மிஞ்சுவது சில்லறைதான்.